நீ என்ன நினைக்கிறாய்?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்புக் கூடத்திலிருந்து வெளியே வந்து கைப்பேசியைப் பார்த்தேன். எடுக்காத அழைப்புகள் ஏழு. ஏழும் என் அக்காள் மகளிடமிருந்து. அது அக்டோபர் மாதம். நமக்குக் காலை பத்து மணி என்றால், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் அவளுக்கு முந்தின நாள் இரவு பத்து மணி.

பதறிப்போய்க் கூப்பிட்டேன். “சின்னம்மா, நான் ஊருக்கே வந்துடட்டுமா?” என்றாள்.

அவள் கல்லூரிக்குப் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாப்பாடு சரியில்லையா, குளிர் தாங்கவில்லையா, யாராவது மனம் நோகப் பேசிவிட்டார்களா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள்.

“எல்லாரும் நல்லாத்தான் பழகுறாங்க. வகுப்புல பேசச் சொல்றாங்க, சின்னம்மா. எனக்கு வாயே வரமாட்டேங்குது.”

எனக்கு அது புரியவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தபோது மாவட்ட அளவில் பேச்சுப்போட்டிக் கிண்ணம் வாங்கியவள் அவள். எங்கள் குடும்பத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள் என்று என்னையும் அவளையும் ஒன்றாகத்தான் கிண்டல் செய்வார்கள். அவளுக்கா வாய் வரவில்லை?

அவள் அங்கே போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அத்தான் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறார். அக்காள் ஒரு கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை செய்கிறாள். மகள் எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்து, ஆறாம் படிவமும் முடித்தாள். எல்லாரும் எதிர்பார்த்தது மருத்துவம். அவளோ யாருக்கும் தெரியாமல் அமெரிக்காவில் ஒரு தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். இடமும் கிடைத்தது, செலவில் பெரும்பகுதிக்கு உதவித் தொகையும் கிடைத்தது.

“ஆர்ட்ஸா? படம் வரையவா அவ்வளவு தூரம் போறே?” என்று கேட்டார் அத்தான்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பெயர் அப்படித்தான் நினைக்க வைக்கிறது. ஆனால் அது ஓவியக் கல்லூரி அல்ல. ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்பது ஐரோப்பாவின் பழைய சொல். சுதந்திரமான மனிதனுக்குத் தேவையான கலைகள் என்று பொருள். இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் என்று ஏழு பாடங்களை அந்தக் காலத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கல்லூரிகளில் இயற்பியல், கணினி, பொருளியல், வரலாறு, இசை எல்லாமே உண்டு. எதைச் சிறப்புப் பாடமாக எடுப்பது என்பதைப் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் அறிவிக்க வேண்டும். அதுவரை பல துறைகளையும் தொட்டுப் பார்க்கலாம். சில கல்லூரிகளில் தொட்டே ஆக வேண்டும்.

மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1793-இல் தொடங்கியது. மாணவர்கள் மொத்தமே ஏறத்தாழ 2,000 பேர்தான். நம் ஊரில் பெரிய இடைநிலைப்பள்ளி ஒன்றின் கூட்டம். மொழியும் கலையும், சமூகவியல் பாடங்கள், அறிவியலும் கணிதமும் என்ற மூன்று பிரிவுகளிலும் குறைந்தது மும்மூன்று பாடங்கள் படிக்காமல் அங்கே பட்டம் வாங்க முடியாது. அதே மாநிலத்தில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி நேர் எதிர். முதலாண்டுக் கருத்தரங்கு வகுப்பு ஒன்றைத் தவிர, எல்லாருக்கும் பொதுவான கட்டாயப் பாடம் கிடையாது. இரண்டிலும் மாணவர்கள் வளாகத்திலேயே தங்குகிறார்கள். உதவியாளர்களை அனுப்பாமல் பேராசிரியர்களே வகுப்பு எடுக்கிறார்கள். பல வகுப்புகளில் இருபது பேருக்குக் குறைவு.

இருபது பேருக்குக் குறைவு என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒளிந்துகொள்ளக் கடைசி வரிசை இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது. அங்கேதான் எங்கள் பெண் மாட்டிக்கொண்டாள்.

வட்ட மேசை. பதினான்கு பேர். முந்தின இரவு எல்லாரும் ஒரே நூலின் எண்பது பக்கங்களைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். பேராசிரியர் விரிவுரை நடத்தவில்லை. “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறார். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. “சரியான பதில் எதுன்னே தெரியலையே, சின்னம்மா. அவர் சொல்லவும் மாட்டேங்குறார். அமெரிக்கப் பிள்ளைங்க பாதி தெரிஞ்சாலே கையைத் தூக்கிடுறாங்க” என்றாள்.

முதல் கட்டுரை திருத்தி வந்தபோது பிழை என்று ஒரு கோடுகூட இல்லையாம். கடைசியில் ஒரே ஒரு வரி: ‘ஐந்து அறிஞர்கள் சொன்னதை அழகாகத் தொகுத்திருக்கிறாய். இதில் நீ எங்கே?’

அந்த வரிதான் அவளை அழ வைத்திருக்கிறது.

எனக்கு அப்போதுதான் கொஞ்சம் விளங்கியது. பேச்சுப்போட்டியில் அவள் பேசியது ஆசிரியர் எழுதிக் கொடுத்த பேச்சு. வரலாற்றுப் பாடத்தில் ஏ பிளஸ் வாங்கியது ‘ஸ்கீமா ஜவாப்பான்’ என்று நாம் எல்லாரும் அறிந்த விடைத்திட்டத்தைக் கரைத்துக் குடித்து. எஸ்.பி.எம். சான்றிதழ் வாங்க வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்று 2013-இல் வந்த நாள் முதல், எத்தனை வீடுகளில் இரவு பதினோரு மணிக்கு அந்த மனப்பாடச் சத்தம் கேட்கிறது! நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தேர்வுக்குள் பாடத்தை முடிக்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயது வரை அந்தப் பெண்ணிடம் யாருமே “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் படித்தது ஊடகவியல். வானொலியில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்டது அமைதிக்குப் பயப்படுவது. ஐந்து விநாடி சத்தம் இல்லை என்றால் கட்டுப்பாட்டு அறையில் சிவப்பு விளக்கு எரியும், நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். அதனால் விருந்தினர் யோசிக்கத் தொடங்கினாலே அவருக்குப் பதிலை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. அவள் சிறு வயதில் ஏதாவது கேட்டால், அவள் யோசிப்பதற்குள் பதில் சொல்லிவிடும் சின்னம்மா நான்தான்.

அன்று மட்டும் நான் பதில் சொல்லவில்லை. “அந்தப் பேராசிரியரையே போய்ப் பார். இதைத்தான் அவரிடமும் சொல்” என்றேன். இந்தக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும். நம் பிள்ளைகள் தண்டனைக்குத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று எண்ணிப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவள் போனாள். அவர் சொன்ன வழி மிக எளியது. பதில் வேண்டாம், ஒவ்வொரு வகுப்புக்கும் படித்ததில் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதிக்கொண்டு வா, அதை மட்டும் கேள். அப்படியே செய்தாள். டிசம்பருக்குள் ஊருக்கு வரும் பேச்சு நின்றுவிட்டது. நூலகத்தில் வாரம் எட்டு மணி நேர வேலையும் சேர்த்துக்கொண்டாள். விடுதி அறையில் அக்காள் அனுப்பிய சம்பால் டப்பா தீர்ந்துபோனதுதான் அடுத்த பெரிய கவலை.

இரண்டாம் ஆண்டில் நடந்தது இன்னொன்று. வில்லியம்ஸ் கல்லூரியில் ‘டியூட்டோரியல்’ என்ற வகுப்பு முறை பெயர்போனது. நம் ஊர் டியூஷன் மாதிரி என்று நினைக்க வேண்டாம். இரண்டு மாணவர், ஒரு பேராசிரியர், அவ்வளவுதான் வகுப்பு. ஒரு வாரம் ஒருவர் கட்டுரை எழுதிப் படிக்க வேண்டும், மற்றவர் அதை அலசிப் பிரிக்க வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு வழக்கத்திலிருந்து வந்த முறை. அவள் கல்லூரியிலும் அது போன்ற ஒரு வகுப்பு இருந்தது.

அதில் அவள் கொள்கலனைப் பற்றி எழுதினாள். 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியது. அதை அனுப்பிய மால்கம் மெக்லீன் கப்பல் குடும்பத்துக்காரர் அல்லர், லோரித் தொழில் நடத்தியவர். பெட்டியைப் பிரிக்காமல் லோரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து லோரிக்கும் மாற்றும் முறை ஏற்றி இறக்கும் செலவை அடியோடு குறைத்து, உலக வாணிபத்தையே மாற்றிவிட்டது. நம் போர்ட் சுவெட்டன்ஹாம், போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறியது 1972-இல். மறு ஆண்டே அங்கே கொள்கலன் முனையம் திறக்கப்பட்டது. இவ்வளவையும் தேடி எழுதியிருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மாணவி படித்துவிட்டுக் கேட்டாளாம்: “கப்பல் முதலாளி இருக்கிறார், துறைமுகம் இருக்கிறது, வேலை இழந்த மூட்டைத் தொழிலாளி இருக்கிறார். துறைமுகத்து வாசலில் வரிசையில் நிற்கும் லோரி ஓட்டுநர் எங்கே? அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.”

லோரி ஓட்டுநரின் மகள் எழுதிய கட்டுரையில் லோரி ஓட்டுநர் இல்லை.

அன்றிரவு அப்பாவைக் கூப்பிட்டாள். வழக்கமாக அத்தான் மகளிடம் பேசுவது மூன்று வாக்கியம்: சாப்பிட்டியா, பணம் இருக்கா, அம்மாகிட்ட கொடுக்கிறேன். அன்று ஐம்பது நிமிடம் பேசியிருக்கிறார். வரிசையில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, டிரிப் கணக்கில் சம்பளம் என்றால் அந்தக் காத்திருப்பு யார் கணக்கில் போகிறது, இரவில் தூக்கத்தை எப்படி விரட்டுவார் என்றெல்லாம். தன் அப்பா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியதையும், கொள்கலன் வந்த பிறகு வேலை குறைந்ததையும் சொன்னாராம். பெட்டியைக் கண்டுபிடித்தவன் ஒரு லோரிக்காரன் என்று மகள் சொன்னபோது மட்டும் இவர் குறுக்கிட்டிருக்கிறார். “நெசமாவா? அப்படின்னா ஒரு டாய்லெட்டும் சேர்த்துக் கண்டுபிடிச்சிருக்கலாம்ல அந்த ஆளு!”

இதைப் படிக்கும் பெற்றோருக்குச் சில செய்திகளை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரிகள் விலை மிக உயர்ந்தவை. பெயர்பெற்ற இடங்களில் கட்டணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலருக்கு மேல். உதவி இல்லாமல் ஊழியர் சேமநிதியை உடைத்துப் போகும் காரியமல்ல. ஆனால் குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கொடுக்கும் உதவி அங்கே பெரிது. ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரையும் பணம் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்வு செய்கின்றன. வில்லியம்ஸ் 2022-இல் உதவித் திட்டத்திலிருந்து கடனையே எடுத்துவிட்டது. கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி 1892 முதல் கற்பிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பதிலுக்கு ஒவ்வொரு மாணவரும் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். இடம் கிடைப்பதுதான் கடினம். முன்னணிக் கல்லூரிகளில் நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்கும் கிடைப்பதில்லை. பக்கத்தில் சிங்கப்பூரில் இருந்த யேல்–என்.யு.எஸ். கல்லூரியும் 2013-இல் முதல் மாணவர்களைச் சேர்த்து, 2025-இல் கடைசி மாணவர்களை அனுப்பிவிட்டு மூடப்பட்டது.

பிள்ளை மருத்துவராகத்தான் வேண்டும் என்றால் இது சுற்று வழி. அமெரிக்காவில் முதல் பட்டம் முடித்த பிறகுதான் மருத்துவக் கல்லூரி, அதற்குச் செலவும் தனி. பட்டத்தில் தொழிலின் பெயர் இருக்காது என்பதையும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டம் இந்த ஆண்டு வந்தது. சிறப்புப் பாடத்தை அறிவிக்கும் நேரம். அக்காள் வீட்டு வரவேற்பறையில் கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள்: “வரலாறு.”

மனப்பாடம் செய்து வெறுத்த அதே பாடம்!

அத்தான் பேசவில்லை. ஐந்து விநாடி, பத்து விநாடி. எனக்குக் கை பரபரத்தது. வேலை வாய்ப்பு, மேற்படிப்பு, சட்டம், ஆய்வு என்று அவள் சார்பாக அடுக்கிவிட வாய் திறந்தேன். திரையில் அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினாள். அவள் காத்திருந்தாள். அவளுக்கு அது பழகியிருந்தது.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். “வேலைக்கு என்ன செய்வேன்னு எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு” என்றார். பிறகு, “தாத்தா மூட்டை தூக்கினதையும் எழுதுவியா?” என்று கேட்டார்.

“அதைத்தான் எழுதப் போறேன், அப்பா. எந்த வருஷத்திலேர்ந்துன்னு நீங்கதான் சொல்லணும்.”

பயம் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அக்காள் இன்னமும் சாமி விளக்கின் முன் நின்று ஏதோ கணக்குப் போடுகிறாள். ஆனால் அந்த வீட்டில் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஓய்வு நாளில் அத்தான் அதில் ஆண்டுகளை நினைவுபடுத்தி எழுதுகிறார்.

எல்லாப் பிள்ளைகளும் மாசசூசெட்ஸுக்குப் போக முடியாது, போகவும் வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் கட்டணம் கிடையாது. இந்த வாரம் சாப்பாட்டு மேசையில் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம், விடைத்திட்டம் இல்லாத ஏதாவது ஒன்றைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். என்னை மாதிரி நடுவில் பேசிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.