கம்பிவடத்துக்கும் ஒரு பங்கு

2009இல் போர் முடிந்தபின் வன்னிக்குத் திரும்பியோர் பலர், தம் வளவும் வயலும் காடாகிக் கிடக்கக் கண்டனர். அத்தகைய காணியில் வெட்டிய மரத்தை இழுக்க, உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் வின்ச் பேருதவி. ஆனால் பொது இயந்திரத்தை எல்லோரும் பாவிப்பர். பராமரிக்க ஒருவரும் இரார். ஆகவே வாடகைப் பணத்தைப் பங்கிடுமுன், புதிய கம்பிவடத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கவேண்டும் என்பதே எமது கருத்து.

பாரத்தில் அறுந்த வடம் சவுக்குப்போல் திரும்பி அடித்து ஆளைக் கொல்லும். இழை அறுந்து முள்ளாக நிற்கும், மடிப்பு விழுந்த, நசிந்த வடத்தை முடிச்சுப் போட்டுப் பாவிப்பது சிக்கனமல்ல. முடிச்சே அதன் பலத்தை வெகுவாகக் குறைத்துவிடும்.

செலவில்லாத வேலைகளும் உண்டு. வடத்தைச் சிறு பாரத்துடன் உருளையில் வரிசையாகச் சுற்றுங்கள். எவ்வளவு நீட்டினாலும் உருளையில் 3 சுற்றாவது மிஞ்சட்டும். சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். கிளச் தட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும். எஞ்சினை நிறுத்தியபின்பே பிரேக்கைச் சரிசெய்யுங்கள். பி.ரி.ஓ. தண்டின் மூடியைக் கழற்றவேண்டாம்; நிமிடத்துக்கு 540 முறை சுழலும் தண்டு சாரத்தைப் பிடித்தால் ஆளையும் இழுத்துவிடும்.

கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று பெறாத காணியில் மரம் இழுக்கவே கூடாது.

இவற்றைக் கவனிக்க ஒருவரை நியமித்து, “இன்று இழுக்கமுடியாது” என்று சொல்லும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுப்போம். வேலை ஒரு நாள் பிந்தலாம். உழைக்கும் கையை ஒரு குடும்பம் இழக்கலாகாது.