ஊர்ப்பெயர் தந்த மயக்கம்

புதிய நோயொன்று தோன்றினால் அது தோன்றிய ஊரின் பெயரையே அதற்குச் சூட்டிவிடுவது மருத்துவ ஆய்வாளர்தம் நெடுநாள் வழக்கம். அது தகாதென உலக நலவாழ்வு நிறுவனம் 2015ஆம் ஆண்டில் நெறி வகுத்தது. ஊர்க்கு இழுக்கு என்பது அவர் கூறும் காரணம். அதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. ஊர்ப்பெயர் பெற்ற நோய் ஊரோடு நிற்கும் என்னும் மயக்கமே அது.

1957ஆம் ஆண்டு அன்றைய மைசூர் மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்திலே, கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மாண்டு வீழ்ந்தன. நாட்டுக் குரங்கும், நம் பழம்புலவர் முசு என்று வழங்கிய கருமுகக் குரங்குமாக இருவகையும் மடிந்தன. அடுத்திருந்த சிற்றூர் மக்களையும் கடுங்காய்ச்சல் பற்றியது. புனேயிலிருந்து வந்த ஆய்வாளர், வைரசு எனப்படும் நச்சுயிரி உண்ணிவழிப் பரவுவதைக் கண்டு, காட்டின் பெயரை நோய்க்கும் இட்டனர். அலுவலகத் தாள்களோ அதனைக் கே.எப்.டி. என்று மூன்றெழுத்தாக்கிவிட்டன. ஆனால் அம்மண்ணின் கன்னட மக்கள் இட்ட பெயர் ‘மங்கன காயிலே’, அஃதாவது குரங்கு நோய். ஆய்வாளர் பெயர் இடத்தைச் சுட்டிற்று. மக்கள் பெயரோ குறியைச் சுட்டிற்று. குரங்கு மடிந்தால் விழித்துக்கொள் என்னும் எச்சரிக்கை அப்பெயருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றதன்றோ?

நெடுங்காலம் சிவமொக்காவிலும் அதனையடுத்த மாவட்டங்களிலுமே அந்நோய் காணப்பட்டது. ஆகவே பிற மாநிலத்தார் கண்மூடியிருந்தனர். 2012இல் பந்திப்பூர்க் காட்டில் அது தலைகாட்டியது. எல்லைக்கு இப்பால் நீலகிரி மாவட்டத்தில் மாண்ட குரங்குகளிடத்தும் கண்டறியப்பட்டது. 2013இல் வயநாடு, 2015இல் கோவா, 2016இல் மராட்டியத்துச் சிந்துதுர்க்கம் என மேற்குமலைத் தொடர் நெடுகிலும் அதன் தடம் நீண்டது. நோய்தான் நடந்து சென்றதா, அன்றி முன்பே ஆங்காங்கே ஒளிந்திருந்து தேடியபோது அகப்பட்டதா? தொலைவிலுள்ள கச்சு, சவுராட்டிரப் பகுதி மக்களின் குருதியிலும் இதற்குரிய எதிர்ப்பொருள்கள் முன்னரே காணப்பட்டன என்பதை எண்ணினால், இரண்டுமே மெய்யாகலாம்.

காட்டை வெட்டித் துண்டாடுகின்றோம். வெட்டிய விளிம்பில் மாடு மேய்கின்றது. மாட்டின் குருதியுண்டு முதிர்ந்த உண்ணி பெருகுகின்றது. அதன் இளம்பருவ உண்ணியே எலியையும் குரங்கையும் மாந்தரையும் கடிக்கின்றது. குரங்கு மாண்டதும் அதன் உடலில் ஒட்டியிருந்த உண்ணிகள் அவ்விடத்தே உதிர்கின்றன. அவ்வழியே விறகும் சருகும் பொறுக்கச் செல்பவர் யார்? முதுமலையை அண்டி வாழும் குறும்பரும் இருளரும் பணியரும். கோவாவில் முந்திரித் தோட்டக் கூலிகள். காடழித்து ஆதாயம் கொண்டவரை உண்ணி தேடிச் செல்வதில்லை!

நோயுற்ற நூற்றுவருள் மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். இதற்கெனத் தனி மருந்தில்லை. 1990 முதல் இடப்பட்டுவந்த தடுப்பூசியும் போதிய காப்பளிக்காமையால் 2022இல் கைவிடப்பட்டது. எஞ்சிய அரண் விழிப்பொன்றே. அவ்விழிப்பைக் கே.எப்.டி. என்னும் எழுத்துகளால் ஊட்டவியலுமா? குரங்குக் காய்ச்சல் என்று பலகையில் எழுதுக. மாண்ட குரங்கைக் கண்டால் தொடாது, அன்றே வனத்துறைக்கு உரைக்குமாறு மலைமக்களிடம் அவரவர் பேச்சிலேயே சொல்லுக. பந்திப்பூரில் ஒரு குரங்கு மாண்ட செய்தி முதுமலைக்கும் முத்தங்காவுக்கும் அன்று மாலைக்குள் எட்டுதல் வேண்டும்.