ஓராண்டு யாருக்கு?

கோட்டக்குப்பத்தை அடுத்த ஆரோவில் வட்டாரப் பள்ளிகளுக்கு ஜெர்மன் வாலிபர்கள் தொண்டு செய்ய வருகிறார்கள். படிப்பு முடிந்து கல்லூரிக்குப் போகுமுன் ஓராண்டு. 2008-ல் ஜெர்மன் சர்க்கார் தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம் செலவில் 75 சதவீதம் வரை ஏற்கிறது. அந்தப் பிள்ளைகள்மேல் நமக்குக் கோபமில்லை.

தோழர்களே, இதே கரையில் வடக்கே மரக்காணம் உப்பளத் தொழிலாளியின் மகனுக்கும் இடைவெளி உண்டு! ஐப்பசி மழையில் பாத்தி மூழ்கும், கூலி நிற்கும், பையன் புத்தகத்தை மூடிவிட்டு வேலை தேடுவான். 2022 முதல் தரும் 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் மூன்று மாதக் குடும்பச் செலவுக்குக் காணுமா?

அத்திட்டத்திலேயே 2013 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் வாலிபர்கள் ஜெர்மனி சென்று பணிபுரியவும் வழியுண்டு. உப்பளத்தான் வீட்டில் இதை யார் சொன்னார்கள்? இக்கரையின் சர்க்கார் பள்ளிகள்தோறும் அறிவிக்கவேண்டும். பாஸ்போர்ட் செலவையும் மிச்சச் செலவையும் நம் சர்க்காரே ஏற்கவேண்டும் எனக் கோருகிறோம்.