நிற்க வைத்து விற்கும் அழகு!

'கடை புதுப்பிக்கப்படுகிறது - பொறுத்தருள்க' என்று ஒரு பலகை தொங்கும். உள்ளே சில திங்கள் உளியோசை, சுத்தியலோசை. பிறகு ஒருநாள் திரை விலகும். அடையாளமே தெரியாது! பழைய சாளரங்களைக் காணோம். முகப்பு முழுவதும் அலுமினியத் தகடும் கண்ணாடியும் பளபளக்கும். காலை வைத்தால் வழுக்கும் கல் தரை, கூரையெங்கும் மின்விளக்கு, தானே ஏறும் படிக்கட்டு, உடல் சிலிர்க்கும் குளிர். "அடேயப்பா, சிங்கப்பூர் தோற்றுவிடும்!" என்பார் வாடிக்கையாளர்.

வியக்கட்டும், வியப்பதற்குரிய வேலைப்பாடுதான். கடை அழகாக இருக்கக் கூடாதென்று கூற நாம் துறவிகளல்ல. ஆனால், இத்தனை இலட்சம் செலவிட்டு எழுப்பிய எழில் மாளிகையிலே, காலை பத்து மணிக்கு வந்து இரவு பத்து மணிக்குப் புறப்படும் பெண்ணொருத்தி உட்கார ஒரு முக்காலி உண்டா? சேலைக்கு அலமாரி உண்டு. செருப்புக்குத் தட்டு உண்டு. உயிரில்லாத பொம்மைக்குக்கூட மேடை உண்டு! பொம்மைக்குச் சேலை உடுத்திவிடும் பெண்ணுக்கு?

இதை எழுதத் தூண்டியது தியாகராய நகர். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியின்போது உருவான பகுதி அது. நகருக்குத் தியாகராயர் பெயர். பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். சாலைக்கு உஸ்மான் பெயர். பாண்டிபசார் என்று ஊரே அழைக்கும் கடைவீதியின் முறையான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. யார் அந்தச் சௌந்தரபாண்டியனார்? 1929 இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தலைவர். மனிதன் மனிதனாக நடத்தப்படல் வேண்டும் என்று முழங்கிய மாநாட்டின் தலைவர் பெயரால் அமைந்த கடைவீதி அது!

அந்த வீதி 2019 இல் புதுக்கோலம் பூண்டது. நடைபாதை அகலமாயிற்று, நடப்பவர் களைப்பாற இருக்கைகள் போடப்பட்டன. நல்ல பணி, பாராட்டுவோம். மாலை வேளையில் முதியோர் அமர்ந்து பேசுவதைக் காண மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அந்த இருக்கையிலிருந்து பத்தடி தள்ளிக் கண்ணாடிக்குப் பின்னே பாருங்கள். ஒரு காலை மாற்றி ஒரு காலில் சாய்ந்து நிற்கிறாள் நம் வீட்டுப் பெண். வீதியில் போவோருக்கு இருக்கை. கடைக்குள் உழைப்போருக்கு நிற்கை!

அந்தக் காலத்து ஜவுளிக்கடையை எண்ணிப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு மேடை, அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு. விற்பவரும் அமர்ந்திருப்பார், வாங்குபவரும் அமர்ந்திருப்பார். கல்யாணச் சேலை எடுக்க வந்த குடும்பம் அரை நாள் அங்கேயே குடியிருக்கும். அன்றைய முதலாளிகளெல்லாம் கருணைக் கடல் என்று நான் சான்றிதழ் தரவில்லை. அந்த அமைப்பிலே உட்காருவது இயல்பாக இருந்தது, அவ்வளவே. மெத்தை போய் நெடுமேசை வந்தது. அதன் பின்னே அலமாரி சுவரை அடைத்தது. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் இடைவெளிதான் மிச்சம். பணியாளரை நிற்க வைத்தது முதலாளியின் மனம் மட்டுமல்ல. வரைபடம் போட்டவரின் அளவுகோலும்தான். விற்பனைக்குப் பயன்படாத ஒவ்வோர் அடியும் வீண் என்ற கணக்கு அது.

நின்றால் என்ன ஆகும்? காலில் இரத்த நாளம் புடைக்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும், பாதம் வீங்கும், இடுப்பு கடுக்கும். இந்த வாழ்வைத்தான் 2010 இல் 'அங்காடித் தெரு' திரைப்படம் காட்டிற்று. நாடே கண்ணீர் வடித்தது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுநாள் அதே தெருவுக்குத் துணி எடுக்கவும் போயிற்று!

கேரளத்தில் கண்ணீரோடு நிற்கவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள், விஜி என்ற தையற்காரப் பெண்மணியின் முன்னிலையில் திரண்டனர். முதலில் கேட்டது கழிவறை. தண்ணீர் குடிக்கவே அஞ்சி வேலை பார்த்தவர்கள் அவர்கள். பிறகு கேட்டது இருக்கை. 2018 இல் அம்மாநிலம் சட்டத்தைத் திருத்திற்று. 2021 செப்டம்பரில் கழக அரசு, 1947 ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கும் முன்வடிவைக் கொண்டுவந்தது. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் சட்டமன்றத்தில் வைத்தார், நிறைவேறிற்று. பணியாளர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும், வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரல் வேண்டும் என்பது அதன் சாரம்.

நமது அரசு செய்த சட்டம் என்பதாலேயே கேட்கிறேன். 'தக்க இருக்கை' என்றால் எத்தனை, எங்கே, எந்த உயரத்தில்? சட்டம் அளவு சொல்லவில்லை. கிடங்கு மூலையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கி வைத்து, "இதோ இருக்கை" என்று ஆய்வாளரிடம் காட்டிவிட முடியும். ஆனால் கார் நிறுத்தும் இடத்துக்கு இத்தனை பரப்புக்கு இத்தனை வண்டி என்று கட்டட விதிகளில் பட்டியலே இருக்கிறது. காருக்குக் கணக்கு உண்டு, காலுக்கு இல்லை!

"உட்கார்ந்தால் சோம்பல் வரும், வாடிக்கையாளர் முகஞ்சுளிப்பார்" என்பார் கடைக்காரர். அண்ணாச்சி, கல்லாவிலே தாங்கள் அமர்ந்துதானே இருக்கிறீர்கள்? வாடிக்கையாளர் ஓடிவிட்டாரா? "இடமில்லை" என்பது அடுத்த வாதம். நெடுமேசையின் உட்பக்கத்தில் திரையரங்கு நாற்காலிபோல் மடக்கு இருக்கை பொருத்தலாம். எழுந்தால் தானே மடியும். ஓரடி இடம் போதும். தச்சர் ஒருவர் போதும், சிங்கப்பூர் நிபுணர் வேண்டியதில்லை.

வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது சாளரத்தையும் விட்டுவிடலாகாது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பற்றி, ஒரு பகலுக்கு மேல் எரிந்தது. புகைமண்டலத்துக்குள் நுழைய முடியாமல் தீயணைப்பு வீரர்கள் திணறியதை நாடு கண்டது. கட்டடம் பின்னர் இடித்துத் தள்ளப்பட்டது. கடை திறந்து கூட்டம் நிறைந்த நேரமாக இருந்திருந்தால்? எண்ணவே நெஞ்சு நடுங்குகிறது. அதற்குப் பிறகும் புதுப்பிப்பு என்றால் முதல் வேலை சாளரத்தைத் தகடு வைத்து மூடுவது!

ஆகவே ஒன்று செய்யலாம். கட்டட அனுமதிக்கோ, புதுப்பித்தலுக்கோ வரைபடம் வரும்போதே, பணியாளர் இருக்கை எங்கே, மாடிதோறும் கழிவறை எங்கே, புகை வெளியேறும் வழி எங்கே என்று குறித்துக் காட்டச் செய்யலாம். குறிக்காத வரைபடத்தைத் திருப்பி அனுப்பலாம். தொழிலாளர் துறைக்கும் திட்ட அனுமதி அலுவலகத்துக்கும் நடுவே கோப்பு நடக்க வேண்டும், அவ்வளவே செலவு. தனியார் கடைக்காரர் முணுமுணுப்பார் என்றால், மாநகராட்சி தனக்குச் சொந்தமான வணிக வளாகங்களிலிருந்து தொடங்கட்டும். அங்கே வாடகைக்கு விடுபவரும் அரசு, ஒப்பந்தம் எழுதுபவரும் அரசு. இருக்கை போடாதவருக்கு அடுத்த ஒப்பந்தம் இல்லை என்று ஒரு வரி சேர்ப்பதைத் தடுப்பார் யார்?