மூலப்பத்திரம் எங்கே?

மணவாள நகர்ப் பக்கம் மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது மூலப்பத்திரம். வில்லங்கச் சான்று, விலை எல்லாம் அப்புறம்தான். தரகர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கைமாறாது. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால மானுடவாதிகள் மதத்திடமும் அரசிடமும் கேட்டது அதே பத்திரத்தைத்தான்.

போப்பாண்டவர் கையில் அப்படி ஒன்று இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் ரோமையும் மேற்குப் பகுதிகளையும் திருச்சபைக்கு எழுதிக்கொடுத்தார் என்றது அது. 1440இல் லொரென்சோ வல்லா அதன் லத்தீன் சொற்களைத் துருவிப் பார்த்து, 4ஆம் நூற்றாண்டில் யாரும் இப்படி எழுதியிருக்க முடியாது, இது போலி என்று காட்டினார். 1516இல் எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை வெளியிட்டார். அதன் இரண்டாம் பதிப்பை வைத்துத்தான் மார்ட்டின் லூதர் ஜெர்மன் மொழிபெயர்ப்பைச் செய்தார். உரையை மட்டும் கேட்டுவந்தவர்கள் மூலத்தைப் புரட்ட ஆரம்பித்த பிறகு, ரோமின் வாக்குக்குப் பழைய செல்வாக்கு இல்லை.

அரசியலுக்கும் அந்தக் கேள்வி வந்தது. 1603இல் சிங்கப்பூர் அருகே ஒரு போர்ச்சுகீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதை நியாயப்படுத்த எழுத உட்கார்ந்தவர், 11 வயதிலேயே லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹியூகோ குரோஷியஸ். அவர் எழுதியதன் ஒரு பகுதி, கடல் எல்லோருக்கும் பொது என்று வாதாடும் சிறுநூலாக 1609இல் வந்தது. உலகைப் பங்குபோட்டுக் கொடுக்க போப்புக்கு அதிகாரமில்லை. கீழை நாடுகளுக்குச் சொந்த அரசர்கள் உண்டு. வேறு மதத்தவர் என்பதால் அவர்களின் உடைமை பறிபோகாது என்றார். கட்சிக்காரருக்காக எழுதிய வக்கீல் வாதம்தான். ஆனாலும் பெரிய வாதம்.

அந்தக் கட்சிக்காரர், அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, அடுத்த ஆண்டே வந்து இறங்கிய இடம் பழவேற்காடு. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரை. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியோடு பண்டகசாலை போட்டார்கள். 1612இல் போர்ச்சுகீசியர் அதைத் தாக்கினர். 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது.

அங்கே 1632இல் பாதிரியாராக வந்து பத்து ஆண்டுகள் இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். சமயம் பரப்ப வந்தவர்தான். ஆனால் உள்ளூர் வழிபாட்டைப் பேய் வணக்கம் என்று ஒரே வரியில் தள்ளிவிடாமல், பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து கேட்டார். இருவருக்கும் பொதுவான மொழி போர்ச்சுகீசியம்! வாழ்க்கைமுறை என்ன, நம்பிக்கை என்ன, சடங்குகள் என்ன என்று கேட்டு எழுதியது, அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1651இல் லெய்டனில் 'திறந்த கதவு' என்று தொடங்கும் நீண்ட தலைப்போடு நூலானது. பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியச் சதகங்களும் அதில் டச்சு மொழியில் உண்டு. சிருங்கார சதகம் மட்டும் இல்லை. வெட்கப்பட்டது பாதிரியாரா, பத்மநாபனா? நூல் 1663இல் ஜெர்மனுக்கும் 1670இல் பிரெஞ்சுக்கும் போனது. பிற சமயத்தாரை அவர்கள் வாயாலேயே பேசவிடலாம் என்பதை ஐரோப்பா கற்றுக்கொண்ட இடங்களில் நம் ஏரிக்கரையும் ஒன்று.

தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க, சைவரான உ.வே.சாமிநாதையர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளில் போய்ப் பாடம் கேட்டார். 1887இல் பதிப்பு வந்தது. தெரிந்தவரிடம் போய்க் கேட்கும் அந்தப் பணிவு இல்லாமல் எந்த மறுமலர்ச்சியும் இல்லை.

ஆனால் கோட்டைக்கு மறுபக்கமும் இருக்கிறது. 1620களிலிருந்து பல பத்தாண்டுகள், பஞ்சத்திலும் போரிலும் நொடிந்த சோழமண்டலக் கரை மக்கள் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றப்பட்டார்கள். கீழை நாட்டவரின் உடைமைக்கு உரிமை உண்டு என்று வாதாடிய அதே கம்பெனிதான் அவர்களின் உடலை விற்றது. போப்பிடம் மூலப்பத்திரம் கேட்டவர்கள், இந்த மனிதர்களை எந்தப் பத்திரத்தின் பேரில் ஏற்றினார்கள்? புத்தகத்துக்குக் காட்டிய நியாயத்தை ஆளுக்குக் காட்டவில்லை. மானுடவாதத்தைப் புகழ்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே கல்லில் வெட்டிய டச்சுப் பெயர்கள். மணவாள நகர்ப் பள்ளிகள் அடுத்தமுறை பிள்ளைகளைப் பொன்னேரி வழியாக அங்கே சுற்றுலா அழைத்துப் போனால், பறவைகளையும் படகையும் காட்டிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அந்தக் கல்லறை வாசலில் ஐந்து நிமிடம் நிறுத்தி, பத்மநாபனைப் பற்றியும், பெயர் தெரியாமல் கப்பலேறியவர்களைப் பற்றியும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும்.