வாட்ஸ் ஸ்டிக்கரும் நடுராத்திரி டம்டம்மும்

உடையார்பாளையத்துல வண்டிக்குள்ள சப்-ஊஃபர் மாட்டுன பையன்கிட்ட எவ்ளோ சத்தம் வரும்னு கேட்டுப் பாருங்க. உடனே ஸ்டிக்கரக் காட்டுவான். "3000 வாட்ஸ், பெரியப்பா!" மாட்டுச் சந்தையில தரகன் சொல்ற பால் கணக்கு மாதிரிதான் அது. ஒரு கண நேரம் உச்சத்துல தாங்குற அளவு. நிக்காம ஓடுனா தாங்குறது எவ்வளவுங்கிறத ஆர்எம்எஸ்னு பொடி எழுத்துல போட்டிருப்பான். அத யாரும் படிக்கிறதில்ல.

வாட்ஸ இரட்டிப்பாக்கினா கூடுறது வெறும் 3 டெசிபெல். காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணணும்னா சுமார் 10 டெசிபெல் ஏறணும். அதுக்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேணும். இந்த மாதிரி ஸ்பீக்கருக்குக் கொடுக்கிற கரண்டுல நூத்துல ஒரு பங்கு சத்தமா மாறுனாலே பெருசு. மிச்சமெல்லாம் காயில் சூடாகி வீணாப் போகுது. அப்பன் முந்திரி வித்த காசு அப்படித்தான் கருகுது.

அப்ப சத்தத்த முடிவு பண்றது எது? தள்ளுற காத்து. முறத்தால வீசித் தூத்துனவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். முறம் எவ்வளவு அகலம், கை எவ்வளவு தூரம் போகுது, அவ்ளோதான் கணக்கு. ஸ்பீக்கர்லயும் கூம்போட பரப்பும், அது முன்னயும் பின்னயும் போற தூரமும்தான். 12 இஞ்சுக்குப் பதிலா 15 இஞ்ச் போட்டா பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல ஆகும். சுருதி இறங்குனா வேலை இன்னும் கூடும். 80 ஹெர்ட்ஸ்ல வந்த அதே சத்தம் 40 ஹெர்ட்ஸ்ல வேணும்னா, கூம்பு நாலு மடங்கு தூரம் அசையணும். பெட்டி இல்லாம வெறும் ஸ்பீக்கர வச்சா, முன்னால தள்ளுற காத்து சுத்திப் பின்னால போயிரும், பேஸே இருக்காது.

மூடுன காருக்குள்ள பேஸ் தானாவே ஏறும், காத்துக்குப் போக்கிடம் இல்ல. ஊருக்குக் காட்டணுமேன்னு கண்ணாடிய இறக்குறான், உள்ள குறையுது. உடனே வால்யூமத் திருகுறான். அந்தத் திருகுதான் நம்ம தலையில விழுது.

40 ஹெர்ட்ஸ் அலை எட்டரை மீட்டர் நீளம். ஓட்டு வீட்டுச் சுவரு அத எங்க தடுக்கும்? பாட்டு கேக்காது, டம்டம் மட்டும் வரும். ஓடு அதிரும், பச்சப்புள்ள முழிச்சுக்கும், ப்ளஸ் டூ பொண்ணு புத்தகத்த மூடி வச்சிரும், கொட்டாயில மாடு எழுந்து நிக்கும்.

புகார் பண்ணா மீட்டரு வச்சு அளக்கணும்ங்கிறாங்க. இங்கதான் எனக்குக் கோவம். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல குடியிருப்புக்குப் பகல்ல 55, ராத்திரி 45 டெசிபெல்னு போட்டிருக்கு. ஆனா அது 'ஏ' அளவுகோல். மனுசக் காது தாழ்ந்த சத்தத்த மெதுவா கேக்கும்னு, பேஸக் கழிச்சுக் காட்டுற கணக்கு. 40 ஹெர்ட்ஸ்ல நிஜமா 95 டெசிபெல் இருந்தா மீட்டரு 60-ன்னு காட்டும். வீடு அதிருது, மீட்டரு குறைச்சுக் காட்டுது! கழிச்சது காதுக்காக, நெஞ்சுக்கும் ஓட்டுக்கும் யாரு கணக்கு வச்சது?

"பயறணீசுவரர் திருவிழாவுல மட்டும் சத்தம் போடலாமா?"ன்னு பசங்க கேப்பாங்க. விழாவுக்கும் வரம்பு இருக்குப்பா. மாநில அரசு நெனச்சா பத்துலேருந்து பன்னெண்டு மணி வரைக்கும் விட்டுக் கொடுக்கலாம், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கூடாது. உன் வண்டிக்கு வருஷம் பூரா திருவிழாவா?

மத்தபடி ராத்திரி 10 மணிலேருந்து காலையில 6 வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கியே கூடாதுன்னு அதே விதி சொல்லுது. அதுக்கு மீட்டர் எதுக்கு? கடிகாரம் போதும். அதனால புகார் எழுதுறப்ப டெசிபெல்ல விட்டுருங்க. மணி, தெரு, வண்டி நம்பர் மூணையும் எழுதுங்க, ரசீது வாங்காம ஸ்டேஷன விட்டு வராதீங்க.