அப்பாவின் கைப்பேசியில் நடக்கும் தமிழ்ப்பள்ளி



இரவு பத்தரை மணி. லோரியை நிறுத்திவிட்டு என் அண்ணன் வீடு திரும்புகிறார். சட்டையைக் கழற்றும் முன்பே மூன்று பிள்ளைகளும் அவருடைய கைப்பேசிக்குக் கை நீட்டுகிறார்கள். மூத்தவள் கணக்குப் பயிற்சியைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். நடுவில் உள்ளவன் அறிவியல் பாடத்திற்கு ஒரு காணொலி எடுக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் படிக்கும் கடைக்குட்டி வாசிப்புப் பகுதியை வாசித்துக் குரல்பதிவு அனுப்ப வேண்டும். ஆசிரியர் கொடுத்த நேரம் மாலை ஆறு மணி. ஆனால் மாலை ஆறு மணிக்கு அந்தக் கைப்பேசி அண்ணனோடு கிள்ளான் துறைமுகத்தில் இருந்தது!

மறுநாள் காலை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வருகிறது. தலைப்பு: "இதுவரை அனுப்பாதவர்கள்". அதில் மூன்று வகுப்புக்கும் எங்கள் வீட்டுப் பெயர் இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வந்த அண்ணி அதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

இந்தப் பிள்ளைகள் சோம்பேறிகளா? அக்கறையில்லாத பெற்றோரா? இல்லவே இல்லை! ஒரு வீட்டில் ஒரு கைப்பேசி. அதில் மூன்று வகுப்பறைகள். குற்றம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

நாம் இணையத்துக்கு எதிரிகள் அல்லர். அதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு இணையவழிக் கற்றல் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் கருவி யாருடையது, செலவு யாருடையது, மொழி யாருடையது என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் "மின்னியல் வகுப்பறை" என்று மார்தட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

கொஞ்சம் பின்னோக்கிப் பார்ப்போம். 2011இல் 1பெஸ்தாரிநெட் என்ற திட்டம் வந்தது. நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளுக்கு அதிவேக இணையமும் மெய்நிகர் கற்றல் தளமும் தருவோம் என்றார்கள். 400 கோடி வெள்ளித் திட்டம் என்று பேசப்பட்டது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? அந்தக் கற்றல் தளத்தைப் பயன்படுத்தியவர்கள் 0.01 முதல் 4.69 விழுக்காடு வரைதான்! 2019இல் அந்தத் தளத்தைக் கைவிட்டு கூகள் வகுப்பறைக்கு மாறினார்கள். 2020இல் டெலிமா தளம் வந்தது. தளங்கள் மாறின, பெயர்கள் மாறின. நம் வீட்டில் இருந்த ஒற்றைக் கைப்பேசி மட்டும் மாறவில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் உண்மை வெளியே வந்தது. கல்வி அமைச்சே பெற்றோரிடம் ஆய்வு நடத்தியது. அதில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னணுச் சாதனமும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பிறகு 2021 வரவு செலவுத் திட்டத்தில் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்கு மடிக்கணினி என்று அறிவித்தார்கள். நாட்டில் பள்ளி செல்லும் பிள்ளைகள் ஏறத்தாழ 50 லட்சம். மீதிப் பிள்ளைகள் என்ன செய்வது?

பெருந்தொற்று போய்விட்டது, பள்ளிகள் திறந்துவிட்டன. ஆனால் வாட்ஸ்அப் குழு மட்டும் போகவில்லை! வீட்டுப்பாடம் அதில் வருகிறது. காணொலிப் படைப்பு அதில் கேட்கப்படுகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, வகுப்பில் ஆசிரியர் செய்யும் மதிப்பீட்டுக்கு முக்கியத்துவம் கூடிவிட்டது. கைப்பேசி இல்லாத பிள்ளையின் படைப்பு ஆசிரியரின் கண்ணுக்கே எட்டாமல் போனால், அந்த மதிப்பீடு பிள்ளையின் அறிவை அளக்கிறதா, அப்பாவின் சம்பளத்தை அளக்கிறதா?

வேடிக்கையைக் கவனியுங்கள். மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரத் தடை. வாட்ஸ்அப் நிறுவனத்தின் விதிப்படி 13 வயதுக்குக் குறைந்தவர்கள் அதில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. தொடக்கப்பள்ளி மாணவனுக்கு வயது 7 முதல் 12 வரை. அப்படியென்றால் பாடம் யாருக்கு அனுப்பப்படுகிறது? லோரி ஓட்டும் அப்பாவுக்கு! அவர்தான் மாணவர், அவர்தான் தபால்காரர், டேட்டாவுக்குப் பணம் கட்டுபவரும் அவரேதான்!

ஆசிரியர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்களும் சொந்தக் கைப்பேசியில், சொந்தச் செலவில், இரவு பதினொரு மணிக்கும் பயிற்சி திருத்துகிறார்கள். ஆசிரியரையும் பெற்றோரையும் மோதவிட்டு அமைச்சு வேடிக்கை பார்க்கிறது. அந்தப் பொறியில் நாம் விழக் கூடாது.

அடுத்தது மொழி. கைப்பேசியில் தமிழ் எழுத வழிசெய்த முன்னோடி நம் மலேசியத் தமிழர். முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன்தான் 2005இல் செல்லினத்தையும் தந்தார். 2001இலேயே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. இவ்வளவு பெருமை இருந்தும், நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தமிழில் தட்டச்சு செய்யத் தெரியும்? தமிழ்க் கட்டுரையைத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். குழுவில் "வணக்கம் டீச்சர்" என்பதை ரோமன் எழுத்தில் தட்டுகிறார்கள். தமிழில் எழுதக் கற்றுத்தராத மின்னியல் கல்வி, தமிழ்ப்பள்ளியின் வேரையே அரிக்கும்.

"கைப்பேசியே வேண்டாம், பழையபடி புத்தகம் போதும்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது, முடிவு தவறானது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணினியோடு வளரும்போது நம் பிள்ளைகளை மட்டும் விலக்கி வைத்தால் இழப்பு யாருக்கு? தோட்டப்புறத்தில் 15, 20 மாணவர்களோடு தள்ளாடும் தமிழ்ப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு வகுப்பில் மூன்று பேர் இருப்பார்கள். கலந்துரையாடக்கூட ஆள் இல்லை. பேராக்கில் உள்ள ஒரு சிறிய பள்ளியும் ஜொகூரில் உள்ள ஒரு சிறிய பள்ளியும் இணையத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து, இரு பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கதையைத் தமிழில் எழுதினால்? ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினால்? கூட்டாக எழுதும் இந்த வசதி டெலிமா தளத்திலேயே இருக்கிறது. கருவி பள்ளியில் இருந்து, பள்ளி நேரத்தில், ஆசிரியர் கண்முன் நடந்தால் இதுவே நம் சிறிய பள்ளிகளுக்குக் கை கொடுக்கும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. இணையம் தேவைப்படும் எந்தப் பயிற்சியும் பள்ளி நேரத்தில், பள்ளிக் கருவியில் செய்யப்பட வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் தாளில் செய்யும் மாற்று வழியும் தரப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிக்கும் வகுப்புக்குப் போதுமான கணினிகளும் நிலையான இணையமும் வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி, முழு அரசுப் பள்ளி என்று பாகுபாடு கூடாது.

3. நான்காம் ஆண்டிலிருந்து தமிழ்த் தட்டச்சு கற்றுத்தரப்பட வேண்டும்.

4. "அனுப்பாதவர்கள்" பட்டியலைப் பெற்றோர் குழுவில் போட்டுப் பிள்ளைகளை அவமானப்படுத்துவது நிறுத்தப்பட வேண்டும்.

பெற்றோர்களே! அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வேலை அலுப்பைப் பார்க்காமல் போங்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் பள்ளியில் வேலை செய்யும் கணினி எத்தனை?" பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் குறிப்போடு மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் எழுதுங்கள். தேர்தல் நேரத்தில் நான்கு மடிக்கணினியோடு படம் பிடிக்க வரும் தலைவர்களிடமும் அதே குறிப்பைக் காட்டுங்கள்.

நாம் கேட்பது தானம் அல்ல. நம் வரிப்பணம், நம் பிள்ளைகளின் உரிமை!

"இதுவரை அனுப்பாதவர்கள்" பட்டியல் ஒன்று போடத்தான் வேண்டுமென்றால், அதில் முதல் பெயர் கல்வி அமைச்சாக இருக்கட்டும்.